முப்பத்தெட்டு மீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததில்லை. ஆர்டர் பிடித்துச் செய்வது. ஆர்டர் கொடுத்தவர் தாயாரம்மாள். போன புரட்டாசியில் அவர்கள் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"சார், நீங்க எழுதிக் குடுத்த மனுவாலதான ரோடே நவுந்துச்சு? அத்த ஒரு கதையா எழுதிக் குடுங்களேன். ரோடு தொறக்கறதுக்குள்ள. எம் பேத்தி படிச்சுக் காட்டும்."

இருபத்திரண்டு வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஒருவர் வாய்விட்டு என்னிடம் கதை கேட்டது இதுதான் முதல் தடவை. பத்திரிகைக்காரர்கள் 'அனுப்பி வையுங்கள், பார்க்கலாம்' என்பார்கள். அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் நூலகன். பிள்ளைகள் ஏ.சி.க்காக உள்ளே வந்து, என் மூன்று தொகுப்புகளும் இருக்கிற அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்து தூங்குகிறார்கள். அப்படிப்பட்டவனிடம் ஒருவர் கதை கேட்டால் என்ன செய்வான்? தலையாட்டினான்.

ஆட்டியிருக்கக் கூடாது. ஏன் என்பது நாலாம் பகுதியில் தெரியும்.

தொடக்கம், ஒன்று: பொக்லைனின் இரும்புப் பற்கள் பூமியைக் கவ்விய அந்தக் காலைப் பொழுதில்

(வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைப் பார்த்துப் பொக்லைனுக்கே பல் கூசும்.)

தொடக்கம், இரண்டு: ஒரு நகரம் தன்னைச் சுற்றித் தானே வட்டம் போட்டுக்கொள்வது எதற்காக என்று யோசித்தால்

(கட்டுரை. இரண்டு பத்திக்குள் புள்ளிவிவரம் வந்து உட்கார்ந்துவிடும்.)

தொடக்கம், மூன்று: பெறுநர், மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

இதுதான் சரி. இந்தக் கதையின் முதல் பிரதி ஒரு மனு. அதையும் எழுதியது நான்தான்.

2

ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், பெயரைச் சொல்ல மாட்டேன். காட்டாங்குளத்தூரில் இறங்கி உள்ளே ஐந்து கிலோமீட்டர். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். (கதைக்குள் தாயாரம்மாளை 'அவள்' என்று எழுதப் போகிறேன். நேரில் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவது. அவருடைய கணவரின் கண் வழியாகப் பார்க்கப் போவதால் இந்த மரியாதைக் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கணவர் துளசிங்கம். ஒரு காலத்தில் இரண்டரை ஏக்கரில் நெல்லும் வேர்க்கடலையும். இப்போது 'தாயார் பில்டிங் மெட்டீரியல்ஸ்': ஜல்லி, எம்-சாண்ட், செங்கல், கிராவல், இரண்டு டிப்பர் லாரி. சுற்றுவட்டாரத்தில் நிலத்தை விற்றவர்கள் எல்லாரும் வீடு கட்டினார்கள்; நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்ட துளசிங்கம் அவர்களுக்கெல்லாம் மண் விற்றார். மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டு மாடியில் புத்தகங்களுக்காக ஓர் அறை கட்டியபோது ஜல்லி கொண்டுவந்து கொட்டியவர் அவர்தான். லோடு குறைவாக இருக்கிறது என்று சண்டை போடப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து பழக்கம்.

அப்புறம் அந்தச் சாலை. வெளிவட்டச் சாலை என்றால் வேறொன்றுமில்லை, ஊருக்குள் வேலையில்லாதவர்கள் ஊரைத் தொடாமல் தாண்டிப் போவதற்கான வழி. பெருங்களத்தூரில் நெரிசலில் நின்று வேர்த்தவன் எவனும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டான், நான் சொல்லவில்லை. ஆனால் வட்டம் போடுகிறவருக்கு விளிம்பு என்றால் காலி இடம். விளிம்பில் இருக்கிறவருக்கு அதுதான் நடுவீடு.

ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள். (ஊர்க்காரர்கள் அந்தக் கல்லுக்குப் பொட்டு வைத்துச் சாமியாக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிற வாசகர்கள் மன்னிக்கவும். அவர்கள் அதில் எருமையைக் கட்டினார்கள்.)

துளசிங்கத்தின் நிலத்தில் குறுக்காக அறுபது மீட்டர் அகலத்துக்குக் கல் விழுந்தது. தாயாரம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"நெலம் போனா போவுது சார். ஊரு ஒலகத்துக்கே போவுது, நமக்கும் போவுது. அந்த நுணா மரத்த மட்டும் உட்டுட சொல்லி எழுதுங்க."

"மரத்தையா? மரத்துக்காக எல்லாம் ரோட்டை..."

"மரம் எனக்கு எதுக்கு சார்? அங்கதான் எம் பாப்பா கீது."

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இறந்த பெண் குழந்தை. தலைச்சன். பத்து மாதம். வெள்ளிக்கிழமை தோறும் அந்த மரத்தடியில் ஒரு டம்ளர் பால் ஊற்றிவிட்டு வருவாளாம். அப்புறம் மகன் முகிலன் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, அவன் மகள் ஓவியா மூன்றாவது படிக்கிறாள். பால் மட்டும் நிற்கவில்லை.

துளசிங்கம் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று.

"எழுதுங்க சார். அவ ஆசைக்கி எழுதுங்க. மனுவுக்கெல்லாம் ரோடு நவுருமா இன்னா? தெரு லைட்டுக்கு ஏழு மனு போட்டேன். லைட்ட உடுங்க, கம்பமே இன்னும் வரல."

"இந்தாய்யா, நீ சும்மா கெட," என்றாள் தாயாரம்மாள். "நீ எழுதுனா வராது. சார் கத எழுதறவரு."

இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல வாக்கியங்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது: 'ஐயா, பத்து மாதமே வாழ்ந்த குழந்தைக்குப் பட்டா கிடையாது, ஆனாலும் அந்த ஓரடி நிலத்தை அவள் இதுவரை யாருக்கும் விற்கவில்லை.' எந்தப் பத்திரிகையும் அதை எனக்குப் போட்டுத் தந்திருக்காது.

3

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன, தொழில்நுட்ப ஆய்வின்படி மேற்படி பகுதியில் சாலையின் மையக்கோடு மேற்கே முப்பத்தெட்டு மீட்டர் மாற்றி அமைக்கப்படுகிறது. கூடவே ஒரு புது வரைபடம். அதில் நுணா மரம் சாலைக்கு வெளியே இருந்தது.

தாயாரம்மாள் கடிதத்தையும் மனுவின் நகலையும் கூடுவாஞ்சேரி ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். மைசூர்பாகு வாங்கி டிப்பர் டிரைவர்கள் வரைக்கும் கொடுத்தாள். எனக்கு ஒரு பெட்டி தனியாக. துளசிங்கத்திடம் நீட்டியபோது அவர் சுகர் என்றார்.

"இன்னிக்கி ஒரு நாளு துன்னா செத்தாப் பூடுவ?"

ஒரு விள்ளல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் தாம்பரம் வரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. ஒரு நெடுஞ்சாலையை நகர்த்தியவன் உட்கார்ந்து வருவது அவ்வளவு நன்றாக இருக்காது என்று பட்டது.

தாயாரம்மாள் கேட்ட கதை இங்கே முடிகிறது. நல்ல கதை. சுபம் போடலாம்.

4

துளசிங்கம் லோடைக் கண்ணாலேயே அளக்கிறவர். மஞ்சள் கல் நட்ட அன்றைக்கே நடந்து பார்த்துவிட்டார். நிலத்தின் கிழக்கு ஓரத்தில் நுணா மரம், அது சாலைக்குள்ளே. அங்கிருந்து மேற்கே எழுபது மீட்டரில் கிணறு. அது கல்லுக்கு வெளியே, இருபது மீட்டர் தள்ளி. நின்று மூச்சு விட்டுக்கொண்டார். பிழைத்தோம்.

புது வரைபடத்தைக் கடை மேஜையில் விரித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது, மரம் வெளியே போய்க் கிணறு உள்ளே வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் தாயாரம்மாள் மைசூர்பாகை நீட்டினாள்.

(இந்த இடத்தில் 'அவர் நெஞ்சு' என்று ஒரு வாக்கியம் தொடங்கி, அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் மைசூர்பாகை மேஜை டிராயரில் வைத்தார். மறுநாள் எறும்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.)

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில் மழை. குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டிராக்டரில் கிளம்பினார்கள். ஊரைத் தாண்டி மெயின் ரோட்டைப் பிடிப்பதற்கே முழங்கால் தண்ணீரில் இரண்டு மணி நேரம். மெயின் ரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு நல்ல ரோடு இருந்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தவர் துளசிங்கம். பின்னால் ரோடு வருகிறது என்று ஊரே கூடிக் கத்தியபோது ஒரு வார்த்தை பேசாதவரும் அவர்தான்.

அவர்கள் வழக்கத்தில் சின்னக் குழந்தையை எரிப்பதில்லை. அன்றைக்கே புதைத்துவிட வேண்டும். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். பெற்றவளுக்கும் அதுதான் எல்லை. துளசிங்கமும் மச்சான் அரிகிருஷ்ணனும் வெள்ளைத் துணியில் குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். ஏரிக்கரை இடுகாடு தண்ணீருக்குள் கிடந்தது. கண்ணுக்கெட்டியவரை மேடு என்று இருந்தது அவருடைய கிணற்றடி மட்டும்தான். பம்ப் செட் ரூமுக்குத் தெற்கே, சுவரை ஒட்டித் தோண்டினார்கள். மூன்று கை மண் தள்ளினார். நாயும் நரியும் பறித்துவிடாமல் இருக்க, வாய்க்காலில் கிடந்த ஒரு பலகைக் கல்லை இரண்டு பேருமாகப் புரட்டி மேலே போட்டார்கள்.

பத்தாம் நாளோ என்னவோ தாயாரம்மாள் கேட்டாள்.

"எங்கய்யா வச்ச?"

கேட்டபோது அவள் கிணற்றடியில் நின்றிருந்தாள். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்த ஒரு வாரமாக அவள் கிணற்றைப் பார்த்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. கையை உயர்த்தி, வயலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிந்ததிலேயே தூரமாக இருந்த மரத்தைக் காட்டினார்.

"அதோ. அந்த நுணாவாண்ட."

அன்று மாலையே அவள் வரப்பு வழியாக நடந்து போனாள். கிணற்றை விட்டு எழுபது மீட்டர். துளசிங்கத்துக்கு அது போதும். கொஞ்சம் தேறட்டும், ஒரு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

ஒரு மாதம் ஆவதற்குள் வேறொன்று நடந்தது. மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், பம்ப் செட் பக்கமிருந்து துணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஓடினார். தாயாரம்மாள் அந்தக் கல்லின்மேல் போர்வையை முறுக்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வாணாம் தாயாரு."

"ஏன்? நல்ல கல்லு."

"ஒண்ணுமில்ல," என்றார்.

அதற்குப் பிறகு சொல்வது எப்படி? உன் பிள்ளை மரத்தடியில் இல்லை என்று சொல்லலாம். நீ தினமும் துணி அடிக்கிற கல்லுக்குக் கீழே என்று எப்படிச் சொல்வது? சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய வியாபாரம் வளர்ந்தது அப்படித்தான் என்றால் மிகையில்லை. கொஞ்ச நாளில் அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு, கல்லின்மேல் வைத்துக் கையாலேயே கசக்க ஆரம்பித்தாள். இடுப்பு வலி என்றாள். துளசிங்கத்துக்கு அது ஒரு புண்ணியமாக இருந்தது. அப்புறம் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அரிகிருஷ்ணன் செத்துப் போனான். தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

என்னிடம் சொல்லும்வரை.

5

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கதையின் முதல் மூன்று பகுதியை எழுதிக்கொண்டு, பெருமையாகக் காட்டப் போனேன். தாயாரம்மாள் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தாள். துளசிங்கம் வாசித்தார். பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"சார், இத்த அப்புறமா முடிக்கலாம். வாங்க, ஒண்ணு காட்றேன்."

கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். நாலாம் பகுதியில் நீங்கள் படித்தது அவர் சொன்னது. கொஞ்சம் இலக்கணம் மட்டும் என்னுடையது.

"மனு எழுதின அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மனு போட்டா ரோடு நவுரும்னு எவன் சார் நெனச்சான்? எங்கப்பன் காலத்துலருந்து இந்த ஊரு மனு போட்டுகினு கீது. ஒண்ணும் ஆவல. இது ஒண்ணு மட்டும் ஆவும்னு நான் இன்னா கனவா கண்டேன்? இருபது மீட்டர் தள்ளி இருந்தேன் சார். பத்தரமா இருந்தேன்."

ஒரு மனிதன் கடவுளை நம்பி ஏமாந்த கதை உண்டு, உறவை நம்பி ஏமாந்த கதை உண்டு. அரசாங்கத்துக்குக் காது கேட்காது என்று நம்பி ஏமாந்தவரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். இதில் சிரிப்பதற்கு ஏதோ இருக்கிறது. பிற்பாடு, உங்களுக்கு நேரமிருக்கும்போது, சிரித்துக்கொள்ளுங்கள்.

"இன்னொரு மனு எழுதட்டுமா?"

"இன்னான்னு எழுதுவீங்க? பாப்பா அங்க இல்ல, இங்க கீதுன்னா? அத்த யாரு தாயாருக்குப் படிச்சுக் காட்றது? முப்பது வருசமா வெறும் மரத்துக்குப் பால் ஊத்திக்கினு இருந்தடின்னு நான் சொல்லவா? கல்லு விசயத்த நான் சொல்லவா?"

 கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு அவரே சொன்னார்:

"சொல்லாம ரோட்டப் போட உட்டா, அது மேல லாரி ஓடும். என் லாரியே ஓடும்."

6

(இந்தப் பகுதியில் நான் இல்லை. துளசிங்கம் போனில் சொன்னதை வைத்து எழுதுகிறேன். இன்ஜினியரின் பெயர் ஸ்ரீவத்சன் என்பது நான் வைத்தது. சின்ன வயது, சேலையூர் பக்கத்துக் காலனிப் பிள்ளை, நல்லவன். அவனை வில்லனாக்க ஒரு பிற்பகல் முழுக்க முயன்றேன், முடியவில்லை.)

சைட் ஆபீஸ் என்பது ஒரு கன்டெய்னர். ஸ்ரீவத்சன் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான்.

"வாங்கண்ணா. உங்க கிராவல் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு. திங்கக்கிழமை உங்க நிலத்துல ஃபில்லிங் ஆரம்பிக்கிறோம். உங்க நிலத்துக்கு உங்க மண்ணு. நல்லா இருக்கில்ல?"

"தம்பி, அந்தக் கெணத்தாண்ட ஒரு பாலம் கீலம் வராதா?"

"பாலமா? எதுக்குண்ணா, அங்க ஓடையே இல்லையே. கிணத்தை அடியிலேர்ந்து நிரப்பி, மேல லேயர் லேயரா ரோலர் விட்டு இறுக்கணும். இல்லேன்னா ரோடு உக்காந்துடும்."

"ஒரு பத்தடி அந்தாண்ட தள்ளி..."

ஸ்ரீவத்சன் சிரித்தான். "அண்ணா, ஏற்கெனவே ஒரு தடவை தள்ளித்தான் இங்க வந்திருக்கு. கிழக்கால ஒரு ஹை டென்ஷன் டவர் இருக்கில்ல, அதுக்காக ஷிஃப்ட் பண்ணாங்க. இனிமே தள்ள முடியாதுண்ணா."

"மனு போட்டதால தள்ளுனாங்கன்னு..."

"மனுவா? எந்த மனு?"

(வாசகரே, இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். சாலையை நகர்த்தியது ஒரு மின் கோபுரம். என் நல்ல வாக்கியத்தை யாரும் படித்திருக்கவே வாய்ப்பில்லை. இத்தனை நாளாக வைத்து வளர்த்த குற்றவுணர்வுகூட எனக்குச் சொந்தமில்லை. தாயாரம்மாள் வீட்டுச் சுவரில் லேமினேஷன் மட்டும் மினுமினுத்துக்கொண்டிருக்கிறது.)

துளசிங்கம் எழுந்திருக்கவில்லை. லேப்டாப் திரையில் தெரிந்த படத்தைப் பார்த்தார்.

"பம்ப் செட் ரூமுக்குத் தெக்கால இன்னா கீதுன்னு போட்டிருக்கு, தம்பி?"

ஸ்ரீவத்சன் பட்டியலைப் பார்த்தான். "கிணறு ஒண்ணு, பம்ப் ரூம் ஒண்ணு, தென்னை நாலு. தெக்கால... ஒண்ணும் இல்லையேண்ணா. ஒரு துணி துவைக்கிற கல்லு."

"ஆமா," என்றார் துளசிங்கம். "ஒண்ணும் இல்ல."

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்தபின், துளசிங்கம் சொல்லிவிடுகிறார். தாயாரம்மாள்

(இதற்குமேல் ஓர் எழுத்துகூட ஓடவில்லை. அவள் அழலாம், அடிக்கலாம், பேசாமல் எழுந்து போகலாம். எதை எழுதினாலும் அது என் தாயாரம்மாளாக இருந்தது, துளசிங்கத்தின் தாயாரம்மாளாக இல்லை.)

ஆ. ஆள் வைத்துத் தோண்டி, கிடைப்பதை ஒரு சட்டியில் எடுத்து, நுணா மரத்தடியில் வைத்துவிடுகிறார். பொய் உண்மையாகிவிடுகிறது. தோண்டும்போது ஒரு சின்னக் கருப்பு வளையல்

(வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன். முப்பத்தோரு வருஷத்துக் களிமண்ணில் ஒன்றும் மிச்சம் இருக்காது என்று துளசிங்கமே சொன்னார். மண் வியாபாரி, அவருக்குத் தெரியாதா?)

இ. அவர் வாயைத் திறக்கவில்லை. சாலை திறக்கிறது. அமைச்சர் யாரோ கொடியசைக்கிறார்.

(இதுதான் நடக்கும் என்று பந்தயம் கட்டியிருப்பேன்.)

நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் லோடில் டிரைவரோடு துளசிங்கமும் ஏறிப் போனார். பம்ப் செட் ரூமை முந்தின நாளே இடித்துவிட்டிருந்தார்கள். தெற்கே பார்த்தவர் படியிலிருந்து குதித்தே இறங்கினார். கல்லைக் காணோம். கல் கிடந்த இடத்தில் மண் மட்டும் வெளிறி, புல் முளைக்காமல், பாய் விரித்த மாதிரி நீள்சதுரமாக இருந்தது.

பொக்லைன் ஆபரேட்டரைக் கேட்டார்.

"அக்காதான் எடுக்கச் சொல்லிச்சு. நேத்து சாயங்காலம். அங்க கொண்டு போயிப் போடச் சொல்லிச்சு," என்று கிழக்கே கையைக் காட்டினான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இவர் கை நீட்டிய அதே பக்கம்.

துளசிங்கம் அந்த வெளிறின இடத்தில் குனிந்து, தன் லாரியிலிருந்து சிந்திய கிராவலை மூன்று கை அள்ளிப் போட்டார். பிறகு ஒதுங்கி நின்று டிரைவருக்குச் சைகை காட்டினார். டிப்பர் தூக்கியது. செம்மண் இறங்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டதாகச் சொன்னார். ஒரு லோடு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் மரத்தடிக்கு நடந்தார். நுணா மரத்தின் கீழே அந்தக் கல் கிடந்தது. கழுவியிருந்தாள். கல்லின்மேல் பால் ஊற்றிய ஈரம் இன்னும் காயவில்லை. அன்றைக்குத் திங்கட்கிழமை, பால் ஊற்றுகிற நாள் இல்லை. தாயாரம்மாள் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"இத்த எதுக்கு இங்க கொண்டாந்த?"

"நல்ல கல்லு," என்றாள். "ரோட்டுக்கு ஏன் குடுக்கணும்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒக்காருய்யா," என்றாள். "எவ்ளோ நேரம் நிப்ப?"

அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கும். போனை வைப்பதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டார்: "சார், அவளுக்குத் தெரியுமா?" இடுப்பு வலி என்று ஒரு நாள் துணி அடிப்பதை நிறுத்தியவளைப் பற்றித்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்றால் எத்தனை வருஷமாகத் தெரியும், யார் யாருக்காக யார் பேசாமல் இருந்தது என்று கணக்குப் போடப் போனால் எனக்குத் தலை சுற்றுகிறது. தெரியாது என்றால், நல்ல கல், ரோட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் அதே வார்த்தைகள் பொருந்துகின்றன. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன்.

"தெரியல துளசிங்கம்" என்றேன்.

"நீங்க கத எழுதறவருங்கறா அவ," என்றார். கோபமில்லை. ஏமாற்றம்தான்.

8

இந்தப் பகுதி இன்னும் நடக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடக்கப் போகிறது. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போகிறேன். எனக்குத் தைரியம் எப்போதும் காகிதத்தில்தான் வரும்.

மண் கொட்டிப் பல மாதம் ஆகிவிட்டது; சாலையை அடுத்த மாதம் திறக்கிறார்கள். தாயாரம்மாள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். "கத முடிஞ்சுதா சார்?" இரண்டாவது தடவை கேட்டுவிட்டு, வைக்கப் போனவள் வைக்காமல், "கல்லப் பத்தி எழுதுவீங்களா?" என்றாள்.

"எந்தக் கல்லும்மா? மஞ்சள் கல்லா?"

கொஞ்ச நேரம் மறுமுனையில் டிப்பர் சத்தம் மட்டும் கேட்டது.

"சர்தான். எது தோணுதோ அத்த எழுதுங்க சார்."

நான் போவேன். மின்விசிறிக்குக் கீழே என்னை உட்கார வைப்பார்கள். காபி வரும். சுவரில் லேமினேஷன். பையில் இரண்டு கட்டு இருக்கும்: முதல் மூன்று பகுதி ஒன்றாக, மிச்சம் தனியாக. முதல் கட்டை ஓவியாவிடம் கொடுப்பேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல உரக்கத் தொடங்குவாள். தாயாரம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மனு எழுதிய அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து கேட்பாள். பொக்லைனுக்குப் பல் கூசுகிற இடத்தில் சிரிப்பாள். துளசிங்கம் நிலைப்படியில் நிற்பார். மனைவியைப் பார்க்க மாட்டார். என் மடியில் இருக்கும் பையைப் பார்ப்பார்.

'சுபம் போடலாம்' என்று ஓவியா வாசித்து முடிப்பாள். அங்கேயே நிறுத்திக்கொண்டால் மைசூர்பாகு. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகு, முதல் பகுதியில் 'நாலாம் பகுதியில் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்து வாய் விட்டிருக்கிறேன். அதை அடித்துவிட்டுக் கொடுக்கலாம். அடிக்காமலும் கொடுக்கலாம். அடிக்காவிட்டால் ஓவியா தலையைத் தூக்கி, கையை நீட்டி, "நாலாவது எங்க அங்கிள்?" என்று கேட்பாள். கெட்டிக்காரப் பெண்.

சிவப்புப் பேனா கையில் இருக்கிறது. அந்த ஒரு வரி முன்னால் இருக்கிறது. துளசிங்கத்துக்காக நான் அடிக்க வேண்டுமா, தாயாரம்மாளுக்காக விட வேண்டுமா. இல்லை, அவளுக்காகத்தான் அடித்து, அவருக்காகத்தான் விட வேண்டுமா? போன தடவை யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை உங்களைக் கேட்கிறேன். உங்களுக்கும் இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர், ஒருவேளை நாலு.

ஓவியா வேகமாக வாசிக்கிறவள். மூன்று பகுதிக்கு அவளுக்குப் பத்து நிமிடம் போதும். அதற்குள் சொல்லுங்கள்.